தடை அண்ணாச்சியின் பலகை

உலகத்திலேயே மனித மூளைக்கு வெள்ள அபாய எச்சரிக்கை விடுத்த முதல் ஆள் எங்கள் தடை அண்ணாச்சிதான். இதை மறுக்க நினைக்கும் வாசகர்கள் தாராளமாக எனக்குக் கடிதம் எழுதலாம். போன் மட்டும் செய்துவிடாதீர்கள். பதினாறு வருடமாகப் போன் எடுப்பதுதான் என் பிழைப்பு. இப்போதெல்லாம் எங்கே மணி அடித்தாலும், அது கோயில் மணியாகவே இருந்தாலும், எனக்கு எழுந்து ஓடிவிடத் தோன்றுகிறது.

தென்காசியில் ஒரு பாத்திரக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது எங்கள் ஆபீஸ். வீடு வீடாக இன்டர்நெட் கொடுக்கும் கம்பெனியின் புகார்ப் பிரிவு. கம்பெனி பெயர் வேண்டாம். சொன்னால் அதற்கு வரும் புகாரையும் நான்தான் எழுதிக்கொள்ள வேண்டியிருக்கும். மொத்தம் நான்கு மேசை, நான்கு ஹெட்செட். முதல் மேசையில் நான். இரண்டாவதில் கடையநல்லூர் சாகுல், முப்பது வயதில் அறுபது வயதுக்கான சலிப்பைச் சேர்த்து வைத்திருந்தவன். மூன்றாவதில் தடை அண்ணாச்சி. நான்காவது நாற்காலியில் யார் வந்து உட்கார்ந்தாலும் ஒரு மாதம் தாங்க மாட்டார்கள். ஒருவர் மதியச் சாப்பாட்டுக்குப் போனார், மூன்று வருடமாக இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். கடைசியில் அந்த நாற்காலியைக் குடை வைப்பதற்கு ஒதுக்கிவிட்டோம்.

வெளியூர்க்காரர்களுக்குக் குற்றாலம் சீசன் என்றால் சாரல், எண்ணெய்க் குளியல், சூடான பஜ்ஜி. எங்களுக்கு சீசன் என்றால் மேற்கே இருந்து வரும் காற்று. காற்றடித்தால் தென்னை மட்டை விழும். மட்டை விழுந்தால் கேபிள் அறும். கேபிள் அறுந்தால் ஊர் மொத்தமும் எங்கள் காதுக்குள் வந்து கத்தும். மட்டைக்குத் தப்பிய கேபிளைக் குரங்கு பார்த்துக்கொள்ளும். குற்றாலத்து லாட்ஜ்காரர் ஒருவர் தினமும் கூப்பிடுவார்.

"ஏம்மா, ஒங்க வயர்ல கொரங்கு குடும்பத்தோட ஊஞ்சல் ஆடுது. எழுதிக்கோங்க."

"எத்தனை கொரங்கு சார்?" என்று நான் கேட்பேன். அந்த அளவுக்குப் போயிருந்தது எங்கள் நிலைமை. படிவத்தில் அதற்குக் கட்டம்கூடக் கிடையாது.

அண்ணாச்சி இலஞ்சிக்காரர். ஐம்பது வயதைத் தாண்டியவர். சீசன் வந்துவிட்டால் விடிகாலையில் மொபெட்டை எடுத்துக்கொண்டு அருவிக்குப் போய்விடுவார். ஒன்பது மணிக்கு ஈரத் தலையோடு ஆபீசுக்குள் நுழைந்து, உட்காருவதற்கு முன்னால் நின்றபடியே அறிக்கை வாசிப்பார்.

"மெயினருவி ஆர்ச்சுக்கு உள்ள கெடக்கு. அஞ்சருவியில அஞ்சும் விழுது. புலியருவியில பச்சப் புள்ளையளையும் குளிப்பாட்டலாம். தடை இல்ல."

ஆர்ச் என்றால் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். மெயினருவியில் ஒரு சிமென்ட் வளைவு உண்டு. தண்ணீர் அதற்கு உள்ளடங்கி விழுந்தால் குளிக்கலாம். அதைத் தாண்டி வந்து விழுந்தால் வெள்ளம் என்று அர்த்தம். போலீஸ்காரர் விசிலை ஊதி எல்லாரையும் வெளியே விரட்டி, கயிற்றைக் கட்டிவிடுவார். எங்கள் ஊரில் பால் பொங்கினாலும், மாமியார் கத்தினாலும், 'ஆர்ச்சைத் தாண்டிட்டு' என்று சொல்கிற ஒரே மனிதர் அண்ணாச்சி.

அறிக்கை முடிந்ததும் ஈரத்துண்டை எடுத்து ஆபீஸ் மோடம் பெட்டியின் மேல் விரிப்பார். "வெதுவெதுன்னு இருக்குல்லா, பதினோரு மணிக்குள்ள காஞ்சிரும்" என்பார். ஒரு நாள் அந்தத் துண்டு சொட்டிச் சொட்டி மோடத்தைக் கொன்றுவிட்டது. ஊருக்கே இன்டர்நெட் கொடுக்கும் கம்பெனியின் புகார்ப் பிரிவில் இன்டர்நெட் இல்லை. போன் மட்டும் சாகவில்லை. அது சாகவே சாகாது.

கம்பெனி விதிப்படி எந்தப் பழுதானாலும் புகார் எண்ணில் கூப்பிட்டுத்தான் பதிய வேண்டும். சாகுல் தன் செல்போனிலிருந்து எங்கள் எண்ணுக்கே கூப்பிட்டான். 'நீங்கள் வரிசையில் ஏழாவது இடத்தில் இருக்கிறீர்கள், உங்கள் பொறுமைக்கு நன்றி' என்று ஒரு பெண் தேனாகச் சொன்னாள். அது நான்தான். பல வருடத்துக்கு முன்னால் பதிவு செய்த என் குரல். அந்தப் பெண்ணுக்கு என்ன உற்சாகம் என்று எனக்கே பொறாமையாக இருந்தது. இருபது நிமிடம் கழித்து அழைப்பு எங்கே போய் விழுந்தது தெரியுமா? பக்கத்து மேசையில், அண்ணாச்சியின் காதில்.

"வணக்கம், சொல்லுங்க. என்ன புகார்?"

"அண்ணாச்சி, நாந்தான் சாகுலு. நெட்டு இல்ல."

"எந்த ஏரியா?"

"ஒங்களுக்கு வலது பக்கம்."

"மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுனீயளா?"

"அதுமேல ஒங்க துண்டு கெடக்கு அண்ணாச்சி."

அண்ணாச்சி ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு தாளை எடுத்து, பழுதுக்கான காரணம் என்ற இடத்தில் 'சாரல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பலகை வந்த கதை இதற்கு அடுத்த வாரம். காற்று பேயாக அடித்த நாள். மூன்று மணி நேரம் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்க விடாமல் போன் அடித்தது. யாரோ தேநீர் கொண்டுவந்து வைத்தார்கள். சாகுல் தேநீர்க் கிளாசை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, "வணக்கம், புகார்ப் பிரிவு, சொல்லுங்க" என்றான். தேநீர் சட்டைக்குள் போனது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அண்ணாச்சி சிரிக்கவில்லை. சாகுலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் ஒரு ஒட்டுப்பலகையைச் சணல் கயிறு கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார். சிவப்புப் பெயின்ட்டில் 'வெள்ளப்பெருக்கு. குளிக்கத் தடை' என்று எழுதியிருந்தது. அருவிக்கரையில் இருந்து கழற்றிக்கொண்டு வந்துவிட்டாரோ என்று எனக்குப் பகீரென்றது.

"சத்தியமா திருடல தங்கச்சி. நானே ராவி நானே எழுதுனேன். பெயின்ட் இன்னும் காயல, தொட்டுராத."

அன்று பதினோரு மணிக்கு சாகுல் யாரிடமோ "சொல்லுங்க, சொல்லுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். எதிர்முனையில் ஆள் எப்போதோ வைத்துவிட்டுப் போயிருந்தார். அண்ணாச்சி எழுந்து போய் அவன் கம்ப்யூட்டரின் தலையில் பலகையை மாட்டினார். அவன் ஹெட்செட்டைக் கழற்றித் தன் இடது காதில் வைத்துக்கொண்டார். தன்னுடையது வலது காதில்.

"எந்திரிலே. ஒனக்கு ஆர்ச்சைத் தாண்டிட்டு. பின்னால வராந்தாவுல போயி மலையப் பாத்துக்கிட்டு பத்து நிமிசம் நில்லு. போனைத் தொடாத. இந்தா துண்டு, தலையத் தொடச்சிக்கோ."

"தலை காஞ்சுதான் அண்ணாச்சி இருக்கு."

"தொடைலே, சொல்லுதேன்லா."

அவன் போனான். அண்ணாச்சி வலது காதில் பாவூர்சத்திரம் வெங்காய வியாபாரியையும் இடது காதில் குற்றாலத்து லாட்ஜ்காரரையும் வைத்துக்கொண்டு ஒரே வாயால் சமாளித்தார். வெங்காய வியாபாரியிடம், "கல்லெடுத்து எறியாதீங்க, அதுவும் புள்ளகுட்டிக்காரிதான், தன்னால எறங்கிரும்" என்றார். லாட்ஜ்காரரிடம், "நாளைக்கு மார்க்கெட்டுல எறங்குனாத்தான் நெலவரம் தெரியும்" என்றார். இரண்டு பேருமே திருப்தியாக வைத்துவிட்டார்கள். புகார்ப் பிரிவின் வரலாற்றில் ஒரே சமயத்தில் இரண்டு பேர் திருப்தியானது அன்றைக்கு மட்டும்தான்.

அன்றிலிருந்து அவர் தடை அண்ணாச்சி. பழைய பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. அதைத் தேநீர் நேரத்தில் எங்களுக்கு விளக்குவார். "வெள்ளம் வந்தா அருவிய யாராவது வைவாவளா? ஒனக்குப் பொறுப்பு இல்ல, ஒழுங்கா விழத் தெரியலன்னு மெமோ குடுப்பாவளா? கயித்தக் கட்டிட்டு ஒதுங்கி நிப்பாவ. வடிஞ்ச பெறவு குளிப்பாவ. மனுசன் மண்டைக்குள்ள தண்ணி கூடிட்டுன்னா மட்டும், இன்னும் நாலு பேரைக் குளிக்கச் சொல்லி உள்ள அனுப்புதாவ."

யாருக்கு எப்போது தண்ணீர் கூடுகிறது என்று கண்டுபிடிக்கவும் அவரிடம் வழி இருந்தது. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினால் ஆர்ச்சைத் தொடுகிறது. வேடிக்கையாகப் பேசுகிற ஆள் வேடிக்கையை நிறுத்தினால் தாண்டிவிட்டது. பிடித்த காரியத்தைச் செய்யாமல் இருந்தால், விசில் ஊத வேண்டியதுதான். மனநல மருத்துவம் படிக்க எத்தனையோ வருடம் ஆகுமாம். எங்கள் அண்ணாச்சிக்கு ஒரு மொபெட்டும் ஒரு துண்டும் போதுமாக இருந்தது.

என் மேசைக்கும் பலகை வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் என் மகள், "அம்மா பசிக்கு" என்றாள். நான் அடுப்பைப் பார்த்தபடியே, "சிரமத்துக்கு வருந்துகிறோம், இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் சரிசெய்யப்படும்" என்றேன். குழந்தை தன் அப்பாவிடம் போய் நின்றுகொண்டது. மறுநாள் இதை நான் ஆபீசில் சிரிக்கச் சிரிக்கச் சொன்னேன். சாகுல் சிரித்தான். அண்ணாச்சி எழுந்து வந்து என் மேசையில் பலகையை மாட்டிவிட்டார். பின் வராந்தாவில் நின்று மலையைப் பார்த்தேன். மலை மேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. பத்து நிமிடமும் அழுதேன். எதற்கு என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அவர் கொடுத்த துண்டு அன்றைக்கு உபயோகப்பட்டது.

இப்படியே போயிருந்தால் இது வெறும் சிரிப்புக் கதை. பலகை வந்து பத்து வருடம் ஆனபோது எங்களுக்கு ஒரு புதிய மண்டல மேலாளர் வந்து சேர்ந்தார். சின்ன வயது, பெரிய லேப்டாப். 'மன அழுத்தத்தை வெல்வது எப்படி' என்று எங்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு வைத்தார். ஞாயிற்றுக்கிழமை வைத்தார். வராதவர்களுக்கு ஒரு நாள் விடுப்பு வெட்டு என்றார். நாங்கள் மூவரும் எங்கள் ஒரே விடுமுறையில் வந்து உட்கார்ந்து மூச்சை இழுத்து விட்டோம். "இழுத்துக்கிட்டே இருங்க, இழுத்துக்கிட்டே இருங்க" என்றவருக்கு நடுவில் மேலிடத்தில் இருந்து போன் வந்துவிட்டது. வெளியே போய்விட்டார். எப்போது விடுவது என்று சொல்லாமல் போய்விட்டார். சாகுல் முகம் சிவந்துவிட்டது.

திரும்பி வந்தவர், காட்டிய படத்தையே மறுபடியும் காட்டினார். மூன்றாவது தடவையும் அதையே காட்டினார். அவர் இடது கண் இமை துடித்துக்கொண்டே இருந்தது. எனக்கு ஏதோ ஆகப்போகிறது என்று தெரிந்துவிட்டது. தடுப்பதற்குள் அண்ணாச்சி எழுந்து போய், அந்தப் பெரிய லேப்டாப்பின் மேல் பலகையை மாட்டினார்.

"சார், ஒங்களுக்கு ஆர்ச்சைத் தாண்டிட்டு. பின்னால போயி பத்து நிமிசம் நில்லுங்க. ஒங்க போனை எங்கிட்ட குடுங்க, நான் பேசிக்கிடுதேன்."

மேலாளரின் முகத்தில் ஒரு கணம் என்னவோ ஓடியது. எழுந்து போய்விடுவார் என்றே நினைத்தேன். போனை நீட்டுவது போல அவர் கை கொஞ்சம் அசைந்தது. பிறகு எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். தான் மேலாளர் என்பது அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது.

"வாட் நான்சென்ஸ் இஸ் திஸ்?" என்று கத்தினார்.

அந்த வாரமே என்னைப் பிரிவுத் தலைவியாக்கி உத்தரவு வந்தது. என் முதல் வேலை பலகையை அகற்றுவது. இந்த இடத்தில் நான் ஏதாவது வீரமாகச் செய்ததாக எழுதிக்கொள்ளலாம், பார்க்க ஆள் இல்லை. ஆனால் நடந்தது அதுவல்ல. பதினான்கு வருடம் கழித்து வந்த பதவி. பயந்துவிட்டேன். பலகையைக் கழற்றி, பழைய மோடம்கள் போட்டுவைத்திருந்த பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

"கொஞ்ச நாளைக்கு மட்டும் அண்ணாச்சி. தப்பா எடுத்துக்காதீங்க."

"சரிங்க மேடம்" என்றார். அதுவரைக்கும் நான் அவருக்குத் தங்கச்சி.

பலகை போனதே தவிர அவர் வழக்கம் போகவில்லை. சாகுல் டப்பாவை மூடினால், சத்தமில்லாமல் அவன் அழைப்புகளைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வார். நான் நெற்றியைப் பிடித்தால் என்னுடையதும் அவரிடம் போகும். நான்காவது நாற்காலிக்கு வருபவையும் அவருக்குத்தான். வாடிக்கையாளர்களில் பாதிப் பேருக்குத் தன் சொந்த எண்ணை வேறு கொடுத்திருந்தார். மாவட்டத்திலேயே அதிக அழைப்புகளை எடுத்தவர் என்று அவர் போட்டோவைச் சட்டம் போட்டு மாட்டச் சொன்னார் மேலாளர். நான்தான் ஆணி அடித்தேன். வேலை இல்லாத நேரத்தில் பலகை தொங்கிய இடத்துக்கு நேர் மேலே.

அடுத்த சீசன் வந்தது. காலை அறிக்கை நின்றுபோனது. நேரம் மிச்சம் என்று நினைத்தேன். அண்ணாச்சி சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். வயிறு சரியில்லை போல என்று நினைத்தேன். ஒரு நாள் மோடம் பெட்டியின் மேல் கிடந்த துண்டைத் தொட்டுப் பார்த்தேன். நன்றாகக் காய்ந்திருந்தது. சீசன் உச்சத்தில் இருக்கும்போது அவர் துண்டு காய்ந்திருந்தது. மோடத்துக்கு நல்லது என்று நினைத்தேன்.

அவர் சொல்லிக்கொடுத்த அடையாளங்கள் அத்தனையும் அவரிடமே வரிசையாக வந்து நின்றன. நான் ஒவ்வொன்றையும் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்லிக்கொள்ளக்கூட எனக்கு வழியில்லை. பலகை இருந்த காலத்திலும் சரி, அதை அவர் மேசையில் ஒரு தடவை மாட்ட வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அருவிக்கரையில் விசில் ஊதும் போலீஸ்காரர் எப்போது குளிப்பார் என்று யார் யோசிக்கிறோம்?

ஆடிக் காற்றில் பாதி மாவட்டத்துக்கு இணைப்பு போன ஒரு வெள்ளிக்கிழமை. கடையநல்லூரில் ஒரு வயதான உம்மா உண்டு. மகன் வளைகுடாவில் வேலை பார்க்கிறான். வெள்ளிக்கிழமை மட்டும்தான் அவனுக்கு விடுமுறை. அன்றைக்கு மட்டும்தான் வீடியோவில் அவன் முகத்தைப் பார்க்க முடியும். இணைப்பு போனால் அந்த அம்மா அண்ணாச்சியைத்தான் கேட்பார். அன்றும் கேட்டார். அழைப்பை நான்தான் அண்ணாச்சிக்கு மாற்றிவிட்டேன்.

அண்ணாச்சி பொத்தானை அழுத்தினார். வாயைத் திறந்தார். 'வணக்கம்' வரவில்லை. மறுபடியும் திறந்தார். உதடு அசைந்தது, சத்தம் இல்லை. சாகுல் அவரைப் பார்த்தான், நான் சாகுலைப் பார்த்தேன். அண்ணாச்சி ஹெட்செட்டைக் கழற்றி, கண்ணாடிச் சாமானை வைப்பது போல மெதுவாக மேசையில் வைத்தார். காய்ந்த துண்டை எடுத்துக் காய்ந்த தலையைத் துடைத்துக்கொண்டார். படியிறங்கிப் போய்விட்டார். மேசையில் கிடந்த ஹெட்செட்டில் இருந்து அந்த அம்மாவின் குரல் வந்துகொண்டிருந்தது.

"தம்பி, இருக்கியளா? ஏந்தம்பி பேச மாட்டேங்கிய? அழுவுதியளா வாப்பா?"

அண்ணாச்சி பத்து நாள் வேலைக்கு வரவில்லை. எப்போது வருவார் என்று கேட்டுவிட்டு வரும்படி மேலாளர் என்னை அனுப்பினார். ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு ஞாயிற்றுக்கிழமை இலஞ்சிக்குப் போனேன். அண்ணாச்சியின் மனைவி என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"ரத்தம், ஸ்கேனு எல்லாம் பாத்தாச்சு. ஒண்ணும் இல்லங்காவ. செவுத்தப் பாத்துக் கெடக்காவ. அருவியில தண்ணி நல்லா விழுது, ஒருக்கா குளிச்சிட்டு வாங்கன்னு கும்புட்டுப் பாத்துட்டேன். ம்ஹூம். அந்தச் சனியன் புடிச்ச போனு வேற அடிச்சிக்கிட்டே கெடக்கு. அடிக்கையில எல்லாம் அவிய காதப் பொத்திக்கிடுதாவ."

"ஆஃப் பண்ணி வையுங்கக்கா."

"விட மாட்டேங்காவளே. கடையநல்லூர் உம்மா கூப்புட்டா என்ன செய்யன்னு கேக்காவ. எடுக்கவும் முடியல, அணைக்கவும் விடல. நான் என்னம்மா செய்யட்டும்?"

உள்ளே எட்டிப் பார்த்தேன். முதுகு தெரிந்தது. தலைமாட்டில் போன் அதிர்ந்து அதிர்ந்து கட்டிலின் விளிம்புக்கு நகர்ந்துகொண்டிருந்தது. கூப்பிடுபவர்களில் ஆபீசில் நான் அவர் பக்கம் தள்ளிவிட்டவர்கள் எத்தனை பேரோ. வாழைப்பழத்தைக் கொடுத்துவிட்டு, கேட்க வந்ததைக் கேட்காமல் திரும்பிவிட்டேன்.

திங்கட்கிழமை பீரோவைத் திறந்தேன். பலகை பழைய மோடம்களுக்கு அடியில் கிடந்தது. ஓரத்தில் பெயின்ட் உரிந்திருந்தது. மேலாளர் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று கையிலேயே எடுத்துக்கொண்டு நடந்தேன். ஒருவரும் பார்க்கவில்லை. என் வீரத்துக்கு எப்போதும் இப்படித்தான் நடக்கும்.

அடுத்த ஞாயிறு இலஞ்சியில் அவர் அறைக் கதவில் அதை மாட்டினேன். சணல் கயிற்றின் சத்தம் கேட்டிருக்க வேண்டும். பத்து வருடம் கேட்ட சத்தம் அல்லவா? மெதுவாகத் திரும்பினார். தாடி வளர்ந்து, கண் உள்ளே போயிருந்தது. பலகையை வெகுநேரம் பார்த்தார்.

"எனக்கா தங்கச்சி?"

"ஒங்களுக்குத்தான் அண்ணாச்சி. ஆர்ச்சைத் தாண்டி ரொம்ப நாளாச்சு. நாங்கதான் விசில் ஊதல. மன்னிச்சிக்கோங்க."

"பத்து நிமிசமா?"

"இல்ல. வடியுத வரைக்கும்."

போன் அடித்தது. அவர் இரண்டு கையையும் காதுக்குக் கொண்டுபோனார். நான் கையை நீட்டினேன். அவர் எத்தனை தடவை எங்கள் ஹெட்செட்டைக் கழற்றி வாங்கியிருப்பார். அதே மாதிரி வாங்கிக்கொண்டேன். வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து எடுத்தேன். கூப்பிட்டது குற்றாலத்து லாட்ஜ்காரர்.

"அண்ணாச்சி தடையில இருக்காவ சார். நான் அவிய தங்கச்சி பேசுதேன். எத்தனை கொரங்கு?"

உள்ளே அண்ணாச்சி தூங்கிவிட்டார் என்று அவர் மனைவி வந்து சொன்னார். பல நாளைக்குப் பிறகு பகலில் தூங்குகிறாராம். சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இதோடு அண்ணாச்சி குணமாகி எழுந்து வந்தார் என்று எழுத எனக்கும் ஆசைதான். வரவில்லை. ஒரு சீசன் முழுக்கப் போய்விட்டது. அவர் அருவிப் பக்கம் போகவில்லை. கம்பெனி அவர் பெயரை எடுத்துவிட்டது. சட்டம் போட்ட போட்டோ மட்டும் தொங்குகிறது, ஆணியைப் பிடுங்க யாருக்கும் உத்தரவு வரவில்லை. சாகுலும் வளைகுடாவுக்குப் போய்விட்டான். இப்போது மூன்று நாற்காலியில் குடை வைக்கலாம், வைக்கத்தான் குடை இல்லை. இந்தச் சீசனிலும் மட்டை விழுகிறது, குரங்கு ஆடுகிறது. என் மேசையில் மாட்ட ஒரு பலகையும் கிடையாது, மாட்டுகிற ஆளும் கிடையாது. இருந்த ஒரு பலகை இலஞ்சியில் ஒரு கதவில் தொங்குகிறது. அதைக் கழற்றிக்கொண்டு வர எனக்கு மனசு வராது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் போகிறேன். அவர் போனை வாங்கிக்கொண்டு வெளியே உட்காருகிறேன். மற்ற நாளெல்லாம் அவர் மனைவி எடுத்து, "ஞாயித்துக்கெழம கூப்புடுங்க, தங்கச்சி வருவாவ" என்று சொல்லிவிடுகிறார். போன வாரம் நான் கிளம்பும்போது உள்ளே இருந்து குரல் வந்தது.

"தங்கச்சி, மெயினருவி எப்படிக் கெடக்கு?"

எனக்குத் தெரியவில்லை. ஆறு கிலோமீட்டர் தள்ளி இருந்துகொண்டு, பதினாறு வருடமாக, அவர் வாசித்த அறிக்கையில் மட்டுமே நான் அந்த அருவியைப் பார்த்திருக்கிறேன்.

"நாளைக்குக் காலையில போயிப் பாத்துட்டு வந்து சொல்லுதேன் அண்ணாச்சி."

"துண்டு கொண்டு போ" என்றார்.

அதற்குள் அவர் போன் மறுபடியும் அடித்தது. கடையநல்லூர் உம்மா. செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்தேன். உலகத்தில் எந்தப் போன் அடித்தாலும் எனக்கு எழுந்து ஓடிவிடத் தோன்றுகிறது. அந்த ஒரு போனை மட்டும் எத்தனை தடவை அடித்தாலும் எடுக்க எனக்கு அலுக்கவே இல்லை.